கமர்கட்டுக்கும் கணக்கு உண்டு!

"மிட்டாயைப் பற்றியா எழுதுவது? அரசியல் ஏட்டின் ஞாயிறு கட்டுரையிலா? நாட்டிலே வேறு சிக்கலே இல்லாமற் போயிற்றா?" என்று கேட்போர் சிலர் இருப்பர். கேட்கட்டும். உப்பைப் பற்றிப் பேசியபோதும் இப்படித்தான் கேட்டனர். 1930-ஆம் ஆண்டிலே கடற்கரையில் அள்ளிய ஒரு பிடி உப்பு, உலகத்தின் பெரும் பேரரசுக்கு எத்தனை இரவு உறக்கத்தைக் கெடுத்தது என்பதை வரலாறு அறியும். நாவிலே படும் பொருள் எதுவாயினும் சரி, அதை விளைவித்தவன் யார், விற்றவன் யார், வரி விதித்தவன் யார், வயிறு வளர்த்தவன் யார் என்று கேட்கத் தொடங்கிய அந்த நொடியிலேயே அது அரசியல் ஆகிவிடுகிறது. உப்புக்கு உள்ள அந்தத் தகுதி இனிப்புக்கும் உண்டு.

இன்று நாடெங்கும் ஓர் ஏக்கம் உலவுகிறது. "தொண்ணூறுகளின் பிள்ளைகளுக்கு" என்று பெயரிட்டு, அட்டைப் பெட்டிகளில் அடைத்து, பழைய மிட்டாய்களை விற்கிறார்கள். கைப்பேசியைத் தட்டினால் வீட்டு வாயிலுக்கே வந்து சேருகிறது. பெட்டியைத் திறந்தால் தேன் மிட்டாய், கமர்கட்டு, கல்கோனா, சூட மிட்டாய், சீரக மிட்டாய், ஆரஞ்சு மிட்டாய், இலந்த வடை, எள்ளுருண்டை! வாங்குவோர் குழந்தைகள் அல்லர், குழந்தைகளைப் பெற்றவர்கள். ஊரை விட்டு நகரத்துக்கு வந்து, மாதத் தவணைகளுக்கு இடையே மூச்சு வாங்கிக் கொண்டிருப்பவர்கள். ஒன்றை எடுத்து வாயிலிட்டுக் கண்ணை மூடுகிறார்கள். "ஆகா! அந்தக் காலம் போல் வருமா!" என்று பெருமூச்சு விடுகிறார்கள்.

அந்தப் பெருமூச்சை எள்ளி நகையாடுவது நம் நோக்கமன்று. உழைத்துக் களைத்தவன் இளமையை எண்ணி இளைப்பாறுவது குற்றமாகாது. ஆனால் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும். எதை எண்ணி ஏங்குகிறோம்? சர்க்கரையை எண்ணியா? சர்க்கரைக்கு இன்று பஞ்சமில்லை. முன்னெப்போதையும் விட மிகுதியாகவே உண்கிறோம். அப்படியானால் இழந்தது எது?

சவ்வு மிட்டாய்க்காரரை நினைத்துப் பாருங்கள். தோளிலே ஒரு மூங்கிற் கழி. கழியின் உச்சியிலே கைதட்டும் பொம்மை. பொம்மைக்குக் கீழே சுற்றி வைத்த, நிறம் நிறமான மிட்டாய்ப் பாகு. காசு கொடுத்த பிள்ளையின் கையைப் பிடித்து, பாகை இழுத்துத் திரித்து, மணிக்கட்டிலே கடிகாரமாகக் கட்டிவிடுவார். கேட்டால் மோதிரமும் செய்து தருவார். உண்மைக் கடிகாரம் நுழைந்தறியாத வீடுகளின் பிள்ளைகள், தெருவிலே கையைத் தூக்கி மணி பார்த்துக்கொண்டே, அந்தக் கடிகாரத்தைக் கொஞ்சங் கொஞ்சமாகத் தின்று தீர்த்தார்கள். விற்பவனுக்கும் வாங்குபவனுக்கும் இடையிலே முகம் இருந்தது, பெயர் இருந்தது, கேலிப் பேச்சு இருந்தது. இழந்தவற்றுள் முதலாவது அது.

இரண்டாவது, அந்த மிட்டாய்கள் எவற்றால் ஆனவை என்பது. கமர்கட்டு என்பது தேங்காயும் வெல்லமும். தேன் மிட்டாய் அரிசியும் உளுந்தும் அரைத்த மாவு எண்ணெயிற் பொரிந்து சர்க்கரைப் பாகிலே ஊறியது. எள்ளுருண்டையில் எள், பொரியுருண்டையில் பொரி, கடலை மிட்டாயில், வானத்தை நம்பி விதைத்த மானாவாரி நிலக்கடலை. தென் பாண்டிச் சீமையின் பனங்காட்டிலிருந்து வந்த கருப்பட்டியும் மிட்டாயாயிற்று. ஒவ்வொன்றும் ஒரு நிலத்தின் விளைச்சல். ஓர் அடுப்பின் உழைப்பு. பிள்ளை நீட்டிய காலணா, பெட்டிக்கடைக்குப் போய், அங்கிருந்து பாகு காய்ச்சியவர் வீட்டுக்குப் போய், அவரிடமிருந்து கடலை விற்ற உழவனின் மடிக்குப் போய்ச் சேர்ந்தது. பத்துக் கல் தொலைவுக்குள் அந்தக் காசு சுற்றியது. பொருளாதாரம் என்றால் அதுதான். புத்தகத்திலே படிப்பதற்கு முன்பே நாவிலே படித்த பொருளாதாரம்!

இந்த அடுப்புகளிற் சிலவற்றுக்குப் பெருமை வந்து சேராமல் இல்லை. கோவில்பட்டிக் கடலை மிட்டாய்க்கு 2020-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. திருவில்லிபுத்தூர்ப் பால்கோவாவும் பழனிப் பஞ்சாமிர்தமும் அதற்கு முந்தைய ஆண்டே அச்சிறப்பைப் பெற்றன. உடன்குடிப் பனங்கருப்பட்டி 2023-இல் பெற்றது. மகிழ்ச்சிதான், பாராட்டுகிறோம். எனினும் குறியீடு பெயரைக் காக்கும், அடுப்பைக் காக்குமா? பிற ஊரார் அப்பெயரைத் திருடாமல் தடுக்கும். அதே தெருவின் கடையிலே, அதே பிள்ளையின் கண்ணுக்கெதிரே, வண்ணத் தாள் சுற்றிய வேறொரு பண்டம் வந்து உட்காருவதைத் தடுக்காது.

இப்போது கணக்குக்கு வருவோம்.

2017-ஆம் ஆண்டு சூலை முதல் நாள் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது சாக்லேட்டுக்கு விதித்த வரி நூற்றுக்கு 28. கடலை மிட்டாய்க்கும் எள்ளு மிட்டாய்க்கும் விதித்ததோ 18! உழவனின் கடலையும் வெல்லமும் சேர்ந்து செய்த பண்டத்துக்கு அத்துணை வரியா என்று எங்கும் குரல் எழுந்தது. அதே ஆண்டு நவம்பரில் கடலை மிட்டாய் வரி 5 ஆகக் குறைந்தது. சாக்லேட் வரி 18 ஆயிற்று. அதாவது, பெரிய ஆலையின் பண்டத்துக்கும் சின்ன அடுப்பின் பண்டத்துக்கும் இடையே 13 விழுக்காடு வேறுபாடு இருந்தது. எளியோனுக்கு அது ஒரு சிறு வேலி.

2025-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் அந்த வேலி அகற்றப்பட்டது. சாக்லேட்டுக்கும் 5, கடலை மிட்டாய்க்கும் 5. நூறு ரூபாய்ச் சாக்லேட் வரியோடு 118 ரூபாயாக இருந்தது, 105 ஆகிறது. நூறு ரூபாய்க் கடலை மிட்டாய் அன்றும் 105, இன்றும் 105. "வரி குறைந்தது நல்லதுதானே? ஏழைப் பிள்ளையும் சாக்லேட் தின்னட்டுமே!" என்பர். தின்னட்டும்! பிள்ளையின் கையிலிருந்து எதையும் பிடுங்குவோர் அல்லர் நாம். ஆனால் பிள்ளைக்கு இனிப்புக் காட்டி, பெருமுதலாளிக்குச் சலுகை வழங்கும் வித்தையைப் புரிந்துகொள்ளாத அளவுக்கு ஏமாளிகளும் அல்லர் நாம். ஒருவன் கடல் கடந்த நாடுகளிற் கணக்கு வைத்திருப்பவன். தொலைக்காட்சியிலே மணிக்கு எத்தனை முறை தன் முகத்தைக் காட்டவும் வல்லவன். மற்றொருவன் வீட்டுக் கொல்லையிலே விறகடுப்பு வைத்திருப்பவன். இருவரையும் ஒரே கோட்டிலே நிறுத்திவிட்டு, "பார்த்தீர்களா, எவ்வளவு சமத்துவம்!" என்று கைதட்டச் சொல்கிறார்கள். யானைக்கும் எறும்புக்கும் ஒரே சுமையை ஏற்றுவதன் பெயர் சமத்துவமா, தோழர்களே?

"ஆண்டுக்கு 40 இலட்சத்துக்குக் குறைவாகப் பொருள் விற்போருக்குப் பதிவே தேவையில்லையே, வரியே இல்லையே!" என்று சட்டம் படித்தோர் குறுக்கிடுவர். ஒப்புகிறோம். ஆனால் அவர் வாங்கும் பொட்டலத் தாளுக்கும், ஒட்டும் சீட்டுக்கும், அடுக்கும் அட்டைப் பெட்டிக்கும் வரி கொடுத்துத்தான் வாங்குகிறார். பதிவு பெற்ற பெரிய ஆலை, தான் கொடுத்த வரியைக் கழித்துக்கொள்கிறது. பதிவில்லாச் சின்ன அடுப்புக்குக் கழித்துக்கொள்ள வழியில்லை. வரி இல்லை என்று சொல்லப்படுபவன்தான் வரியை முழுதாய் விழுங்குகிறான்.

இதை இன்று தோன்றிய கதை என்று எண்ணாதீர். 1788-இல் சென்னைக்கு வாணிபம் செய்ய வந்த தாமசு பாரியின் பெயரைத்தான் இன்றும் பாரிமுனை தாங்கி நிற்கிறது. அவர் பெயர் தாங்கிய நிறுவனத்தின் சர்க்கரை ஆலை தென்னார்க்காட்டு நெல்லிக்குப்பத்தில், நம் கரும்பைப் பிழிந்தே வளர்ந்தது. சர்க்கரையை அடுத்து அதே பெயரிலே மிட்டாய் ஆலையும் எழுந்தது. அந்த மிட்டாய்கள் தமிழகத்துப் பெட்டிக்கடைக் கண்ணாடிச் சாடிகளிலெல்லாம் இடம்பிடித்தன. 2004-ஆம் ஆண்டு அந்த மிட்டாய்த் தொழிலைக் கொரிய நாட்டு லாட்டே நிறுவனம் வாங்கிக்கொண்டது. ஆங்கிலேயன் பெயரிலே தொடங்கி, கொரியர் கைக்குப் போன அந்தப் பயணத்தில், மிட்டாய் தின்ற பிள்ளை நம் பிள்ளை. பெயரும் பேரமும் மட்டும் பிறருடையவை. கரும்பு வெட்டியவனோ, ஆலை கொடுக்க வேண்டிய நிலுவைக்காக ஆண்டுதோறும் போராடிக்கொண்டிருக்கிறான்!

இத்தனையும் சொன்ன பிறகு, "ஆகவே, பழைய காலமே பொற்காலம், திரும்பிச் செல்வோம்!" என்று முடித்துவிடலாமா? கூடாது. பழமை என்பதற்காக ஒன்றைப் போற்றுவது நம் வழக்கமன்று. பழைய மிட்டாயிலே இனிப்பும் இருந்தது, கசப்பும் இருந்தது. கசப்பை மறைத்து இனிப்பை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வது ஏக்கமன்று, ஏமாற்று.

அந்தக் காலத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் மிட்டாய் கிடைத்ததா? ஒரு கமர்கட்டைச் சட்டைத் துணிக்குள் வைத்துக் கடித்து, மூன்றாகப் பிரித்துக்கொண்ட பிள்ளைகளின் கதையை இன்று சிரித்துக்கொண்டே சொல்கிறோம். அது பங்கிடும் பண்பு மட்டுமா? ஒன்றுக்கு மேல் வாங்கக் காசில்லாத வறுமையும் அல்லவா? பாகு காய்ச்சிய கொட்டகையிலே, பள்ளிக்குப் போக வேண்டிய வயதுடைய பிள்ளை உருண்டை பிடித்துக்கொண்டிருந்ததும் அதே காலந்தான். தான் உருட்டிய மிட்டாயைத் தின்னக் காசில்லாத பிள்ளை!

இன்னும் ஒன்று உண்டு. அதைச் சொல்லும்போது நாவே கசக்கிறது. எத்தனையோ ஊர்களில், ஒடுக்கப்பட்ட குடியில் பிறந்த பிள்ளை காசைத் தரையிலே வைத்துவிட்டு எட்டி நிற்க வேண்டியிருந்தது. மிட்டாய் மேலிருந்து கையிலே போடப்பட்டது. "அதெல்லாம் பழங்கதை" என்று சொல்லிவிட முடியுமா? 2022-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், தென்காசி மாவட்டத்துப் பாஞ்சாகுளம் என்னும் சிற்றூரில், தின்பண்டம் வாங்க வந்த பட்டியல் இனத்துப் பிள்ளைகளிடம், "ஊர்க் கட்டுப்பாடு இருக்கிறது, உங்களுக்கு இனி இங்கே எதுவும் கிடையாது, வீட்டிலே போய்ச் சொல்லுங்கள்" என்னும் பொருள்படக் கடைக்காரர் பேசித் திருப்பி அனுப்பியதை நாடு முழுதும் காணொளியிலே கண்டது. கைது நடந்தது, கடைக்கு முத்திரை வைக்கப்பட்டது. சட்டம் தன் கடமையைச் செய்தது. ஆனால் காசோடு வந்து, "கட்டுப்பாடு என்றால் என்ன?" என்று விளங்காமல் நின்ற அந்தப் பிஞ்சுகளுக்கு, நாற்பது வயதிலே நினைவுக்கு வரப்போகும் மிட்டாய் எது? அவர்களும் ஒருநாள் கண்ணை மூடி, "அந்தக் காலம் போல் வருமா" என்பார்களா? "வரவே கூடாது" என்பார்கள்! ஏக்கத்திலும் ஏற்றத்தாழ்வு உண்டு என்பதை எண்ணிப் பார்த்திட வேண்டும்.

சர்க்கரையின் வரலாறே அத்தகையது. அதியமானின் முன்னோர் கரும்பை இந்நாட்டுக்குக் கொண்டுவந்தனர் என்னும் செய்தியை ஔவையார் புறநானூற்றிலே பாடி வைத்திருக்கிறார். அத்துணைப் பழமையான உறவு நமக்குக் கரும்போடு. அந்த உறவுக்கு நாம் கொடுத்த விலையோ பெரிது. 1834-இல் தொடங்கி மொரீசுக்கும், 1860-இல் நேட்டாலுக்கும், பின்னர்ப் பிசித் தீவுக்கும் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களுள் தமிழர் ஏராளம். நேட்டாலுக்குச் சென்ற முதற் கப்பல் புறப்பட்டது நம் சென்னையிலிருந்துதான். உலகம் தேநீரிலே கலந்து குடித்த இனிப்பிலே நம்மவர் வியர்வையும் கண்ணீரும் கலந்திருந்தன. பிசியின் கரும்புத் தோட்டத்துப் பெண்களை எண்ணிப் பாரதியார் கதறியதும் அதனாலேயே. இனிப்பைப் பற்றிப் பேசும் தமிழன் இதை மறந்து பேச இயலாது.

இனி நஞ்சைப் பற்றி ஒரு சொல். 2024-ஆம் ஆண்டு பிப்ரவரியில் பஞ்சு மிட்டாயிலே ரோடமின்-பி என்னும் சாயம் கலந்திருப்பது ஆய்விலே தெரிந்தது. துணிக்கும் தாளுக்கும் ஏற்றும் சாயம் அது. உணவிலே சேர்க்கக் கூடாதது. முதலில் புதுச்சேரியும், அடுத்துத் தமிழ்நாடும் தடை விதித்தன. தடை சரியே. பிள்ளைகளின் குடலைவிடப் பெரியதல்ல எந்த வாணிபமும். ஆனால் பிடிபட்டவர் யார்? கடற்கரையிலே கழியைத் தூக்கிக்கொண்டு நடந்தவர். அவருட் பலர் பிழைப்புத் தேடிப் பல மாநிலம் கடந்து வந்தவர். சாயம் அவர் கையிலே விளைந்ததா? யாரோ ஆக்கினார், யாரோ மொத்தமாய் விற்றார், யாரோ அதைச் சின்னப் பொட்டலமாய்க் கட்டினார். அந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியை மட்டும் பிடித்து இழுத்துவிட்டு, சங்கிலியே அறுந்துவிட்டது என்று நம்புவது பேதைமை. இதிலே இன்னொரு வேடிக்கை. பஞ்சு மிட்டாய் சுற்றும் பொறியை 1897-இல் அமெரிக்காவிலே உருவாக்கிய இருவருள் ஒருவர், பல் மருத்துவர்! பல்லுக்குப் பகையைப் படைத்தவரே பல்லுக்கு மருந்தும் வைத்திருந்தார். நம் தெருவின் விற்பனையாளருக்கோ அத்தகைய இரட்டை வருமானம் இல்லை. ஒரே கழி, ஒரே பிழைப்பு.

"நீரிழிவு நாடெங்கும் பரவிக் கிடக்கும்போது மிட்டாய்க்கு வக்காலத்தா?" என்று கேட்பது நியாயமான கேள்வி. 2023-ஆம் ஆண்டு வெளியான ஆய்வு, இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவு உடையவர்கள் என்று கணித்தது. பள்ளிகளிலும் பள்ளியைச் சுற்றி 50 மீட்டர் தொலைவுக்குள்ளும், சர்க்கரையும் கொழுப்பும் உப்பும் மிகுந்த பண்டங்களை விற்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டு விதியும் வந்துள்ளது. வரவேற்கிறோம். பிள்ளைகள் நாளெல்லாம் மிட்டாய் தின்ன வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. பழைய மிட்டாய் உடலைக் கெடுக்காதிருந்ததற்குக் காரணம் அதன் தெய்வீகம் அன்று. அது சிறியது, அரியது, என்றோ ஒருநாள் கிடைத்தது என்பதே காரணம். வெல்லமும் சர்க்கரையின் உடன்பிறப்பே. அதை மருந்தென்று விற்போரை நம்ப வேண்டாம். ஆனால் கடலையிலே நூற்றுக்கு ஏறத்தாழ 25 பங்கு புரதம் இருக்கிறது. நிறமேற்றிய சர்க்கரைக் கட்டியிலே சர்க்கரையைத் தவிர என்ன இருக்கிறது? ஐம்பது மீட்டர் விதி கூடைக்காரப் பாட்டியை எளிதிலே விரட்டிவிடும். தொலைக்காட்சி வழியாக, கைப்பேசி வழியாக, வீட்டுக் கூடத்துக்குள்ளேயே வந்து பிள்ளையை அழைக்கும் விளம்பரத்தை எத்தனை மீட்டர் தள்ளி நிறுத்தப்போகிறோம்?

எனவே நாம் வேண்டுவது என்ன? பெருமூச்சு அன்று, செயல்.

முதலாவது, வரி. கடலை, எள், பொரி, கருப்பட்டி, வெல்லம் ஆகியவற்றாற் செய்த மரபுப் பண்டங்களுக்கும் ஆலைச் சாக்லேட்டுக்கும் இடையே முன்பிருந்த வேறுபாடு மீண்டும் வர வேண்டும். மாநிலங்களின் குரல் வரி மன்றத்திலே ஓங்கி ஒலித்தாலன்றி அது வராது. வரி வாங்கும் உரிமையைத் தில்லியோடு பகிர்ந்துகொண்ட பிறகு, ஒரு கமர்கட்டின் வரியைக்கூட இம்மாநிலம் தனியே முடிவு செய்ய இயலாது என்பதை மக்களிடம் எடுத்துச் சொல்லுங்கள். மாநில உரிமை என்றால் என்ன என்று விளங்காதவருக்கும் அது விளங்கும்.

இரண்டாவது, கொள்முதல். பள்ளிப் பிள்ளைக்கு உணவளிக்கும் அறத்திலே நம் நாடு முன்னோடி. 1920-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளியிலே தொடங்கி, 1956-இல் காமராசர் காலத்தில் மாநிலமெங்கும் பரவி, 1982-இல் சத்துணவாக விரிந்து, 2022-இல் காலை உணவாகவும் வளர்ந்தது. அந்த வரிசையிலே, கிழமைக்கு ஒருமுறையேனும் அந்தந்த வட்டாரத்து மகளிர் குழுக்கள் செய்த கடலை உருண்டையோ எள்ளுருண்டையோ சேரலாமே! கருநாடகத்தில் முட்டை உண்ணாத பிள்ளைகளுக்குக் கடலை மிட்டாய் கொடுத்தார்கள். கெட்டுப்போனவை வந்து சேர்ந்ததும் சர்க்கரை மிகுதியும் காரணமாக 2025-இல் நிறுத்திவிட்டார்கள். அது நமக்குப் பாடம். தொலைவிலிருந்து மொத்தமாய் வாங்கிக் கிடங்கிலே அடைத்தால் அதுவே நேரும். பக்கத்து ஊரின் அடுப்பிலே, வெல்லத்தைக் குறைத்து, கிழமைதோறும் புதிதாய்ச் செய்து கொடுத்தால் கெடுவதற்கு நேரமேது?

மூன்றாவது, தூய்மைக்குத் துணை. சோதனை என்றால் பறிமுதல் மட்டுமா? சின்ன அடுப்புக்காரருக்கு நல்ல சாயம் எது, நஞ்சுச் சாயம் எது என்று கற்பிக்கவும், பொட்டலம் கட்டப் பொதுக்கூடம் அமைக்கவும் கூட்டுறவு முறை வேண்டும். சாயத்தை மொத்தமாய் விற்பவரின் கிடங்கையும் சட்டம் தட்ட வேண்டும்.

இவை அரசு செய்ய வேண்டியவை. நாம் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. வெற்றிச் செய்தி வந்தாலும், தலைவர்களின் பிறந்தநாள் வந்தாலும், கொடியேற்றினாலும், கூடியிருப்போருக்கு இனிப்பு வழங்குவது நம் கிளைகளின் வழக்கம். அந்தத் தட்டிலே இருப்பது என்ன? பெரும்பாலும் பன்னாட்டு நிறுவனத்தின் தாள் சுற்றிய பண்டம்! மேடையிலே முதலாளித்துவத்தைச் சாடிவிட்டு, மேடையின் கீழே அதன் மிட்டாயை நீட்டுகிறோம். இனி அந்தத் தட்டிலே நம் ஊர் அடுப்பின் கடலை மிட்டாய் இருக்கட்டும். கிளைச் செயலாளர் தம் வட்டாரத்தில் மிட்டாய் செய்யும் குடும்பங்கள் எத்தனை என்று கணக்கெடுக்கட்டும். அவர்கள் குறை கேட்கட்டும். அத்தோடு, தட்டை ஏந்தும் தோழர் முதலில் எந்தத் தெருவுக்குச் செல்ல வேண்டும் என்பதையும் முடிவு செய்யட்டும். காசைத் தரையிலே வைக்கச் சொன்னார்களே, அந்தத் தெருவுக்கு! மேலிருந்து போடாமல், கையோடு கை பட, அந்தப் பிள்ளைகளுக்கு முதலிற் கொடுக்கட்டும்.